குடம் தூக்குனா பிபி யாருக்கு எவ்ளோ ஏறும்? அக்கா, நான், அம்மா, மூணு நம்பர்

எங்க வீடு தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி, லிஃப்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மோட்டார் மக்கர் பண்ற அன்னிக்கு கீழ லாரி தண்ணிய புடிச்சு படி ஏறி தூக்கினு வரணும். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்படித்தான் ஆச்சு. அம்மாவுக்குன்னு வாங்கி வச்ச பிபி மிஷின் ஹால்லயே கெடந்துது, சும்மா இருக்காம நான் மேல வந்த உடனே கையில மாட்டி பாத்தேன், மேல் நம்பர் 168. அக்கா இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு ரெண்டு குடம் தூக்கினு வந்தா, அவளுக்கு 142. அம்மா எவ்ளோ சொல்லியும் கேக்காம அரை பக்கெட் எடுத்துனு ஒரே ஒரு மாடி ஏறிச்சு, அதுக்கு 178.

"இன்னாடா இது, அரை பக்கெட்டுக்கே இவ்ளோ காட்டுது, மிஷினு ரிப்பேரா?"ன்னு அம்மா கேட்டுது. அக்கா என்னப் பாத்து "ஜிம்முக்கு போறவன் நீ, உனக்கு எதுக்குடா என்னவிட அதிகம்?"னு சிரிச்சா. ரெண்டு கேள்வியும் நல்ல கேள்வி. அதுக்கு பதில் தேடப் போயி தான் இவ்ளோ நீளத்துக்கு எழுதவேண்டியதா போச்சு.

மொதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன், நாங்க பண்ணது ஒண்ணும் ஆராய்ச்சி இல்ல. வேலைய நிறுத்துன ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே பிபி மளமளன்னு எறங்கிடும், அதனால யார் எத்தன நொடி கழிச்சு பட்டைய மாட்டுனாங்கங்கறத வச்சே நம்பர் மாறும். வீட்டு மிஷினு கை அசையாம இருந்தா தான் ஒழுங்கா வேலை செய்யும், மூச்சு வாங்கும்போது அது காட்றத வச்சு யாரும் மாத்திரைய கூட்டவோ கொறைக்கவோ கூடாது. ஆனா அந்த மூணு நம்பரும் நின்ன வரிசை இருக்கு பாருங்க, வயசு கம்மியான ஆம்பள நடுவுல, வயசு கம்மியான பொம்பள கீழ, வயசான பொம்பள உச்சியில, அது தற்செயலாவே வந்திருந்தாலும் உடம்புக்குள்ள நெஜமாவே நடக்கற ஒரு விஷயத்தோட ஒத்துப்போகுது.

பிபிங்கறது ரெண்டு விஷயத்தோட பெருக்கல் தான். இதயம் ஒரு நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் ரத்தத்த தள்ளுது, அத குழாய்ங்க எவ்ளோ தடுக்குது, அவ்ளோதான். சும்மா உக்காந்திருக்கும்போது சுமார் 5 லிட்டர் தள்ளும், நல்லா ஓடும்போது சாதாரண ஆளுக்கே 15, 20 லிட்டர் வரைக்கும் போகும். தள்றது இப்படி மூணு நாலு மடங்கு ஏறுனா பிபியும் அதே மாதிரி ஏறி வெடிச்சிடணும் இல்ல? ஏன் வெடிக்கலன்னா, வேலை செய்யற தசைக்கு போற குழாய்ங்க அதே நேரத்துல அகலமா தெறந்துக்குது, தடுப்பு கொறையுது. அதனால தான் நடக்கும்போது, ஓடும்போது, சைக்கிள் மிதிக்கும்போது மேல் நம்பர் படிப்படியா ஏறும், கீழ் நம்பர் இருந்த எடத்துலயே நிக்கும், இல்லன்னா கொஞ்சம் எறங்கவும் செய்யும். இந்த வகை வேலையில கீழ் நம்பரும் சேந்து எகிறுச்சுன்னா அது கவனிக்க வேண்டிய சமாச்சாரம்.

இங்க ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கற மொத வித்தியாசம் ரொம்ப சாதாரணமானது, அளவு. பெண்களோட இதயம் சராசரியா சின்னது, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிய போற ரத்தம் கம்மி, அத துடிப்பு எண்ணிக்கைய கூட்டி ஓரளவுக்கு ஈடு கட்டிக்கும், ஆனா உச்சத்துல மேல் நம்பர் ஆண்கள் அளவுக்கு போகாது. அதனால தான் டிரெட்மில் டெஸ்ட் (ஓடற பட்டை மேல நடக்க வச்சு இதயத்த பாக்கறது) சம்பந்தமான ஆராய்ச்சிகள்ல ரொம்ப வருஷமாவே "இதுக்கு மேல போனா அளவுக்கு மீறின ஏத்தம்"னு ரெண்டு தனித்தனி வரம்பு வச்சிருக்காங்க, ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190. இத நான் படிச்சப்ப கொஞ்சம் ஷாக் ஆயிட்டேன், ஏன்னா நம்மாளுங்க மனசுல பிபின்னா ஒரே ஒரு கோடு தான், 140க்கு 90. அது சும்மா உக்காந்திருக்கும்போது பாக்கற கோடு, அத வேலை செய்யும்போது வர்ற நம்பரோட ஒப்பிடவே கூடாது. அப்படி ஒப்பிட்டா படி ஏறி வர்ற ஊர்ல பாதி பேர பிபி பேஷன்ட்டுன்னு சொல்லவேண்டியிருக்கும்.

அளவு மட்டும்தான் காரணம்னா கதை இங்கயே முடிஞ்சிடும். முடியல, குடம் இருக்கே.

குடத்த இடுப்புல வச்சுனு போகும்போது காலு நடக்குது, ஆனா கையும் தோளும் இடுப்பும் அசையாம இறுக்கிப் புடிச்சுனு இருக்கு. இப்படி அசையாம இறுக்கற வேலைக்கு ஐசோமெட்ரிக்னு பேரு. மீன் கூடைய தூக்கறது, காசிமேட்டுல ஐஸ் பொட்டிய ரெண்டு பேரா புடிச்சு நகத்தறது, 20 லிட்டர் வாட்டர் கேன தோள்ல வச்சு படி ஏறறது, எல்லாமே நடையும் இறுக்கமும் கலந்த வேலை தான். இறுக்கிப் புடிச்ச தசை தனக்குள்ள ஓடற குழாய தானே நெருக்கிடும். ரத்தம் சரியா வராது, கழிவு வெளிய போகாது, அந்தக் கழிவு அங்கயே தேங்கி நிக்கும்போது தசையில இருக்கற நரம்பு நுனிங்க மூளைக்கு "இங்க ரத்தம் பத்தல, அழுத்தத்த கூட்டு"ன்னு சேதி அனுப்பும். மூளை உடனே உடம்பு முழுக்க மத்த எடத்து குழாய்ங்கள சுருக்கி பிபிய ஏத்தும். இதுல மேல் நம்பர், கீழ் நம்பர் ரெண்டுமே ஏறும்.

இத அழகா காட்டுனவங்க ஆலம், ஸ்மிர்க்னு ரெண்டு பேரு, 1937ல. அவங்க பண்ணது ரொம்ப எளிமையான வேலை. கைய வேலை செய்ய வச்சாங்க, வேலை முடியற நேரத்துல பிபி பட்டைய நல்லா இறுக்கி ரத்த ஓட்டத்த நிறுத்திட்டாங்க. வேலை நின்னும் பிபி முழுசா எறங்கல, பட்டைய அவுத்து விட்ட அப்புறம் தான் எறங்குச்சு. அதாவது பிபிய மேல தூக்கி நிறுத்தினது மனசோ முயற்சியோ மட்டும் இல்ல, தசைக்குள்ள மாட்டிக்கினு இருந்த கழிவும் தான். இன்னிக்கு வரைக்கும் லேப்ல இதே தந்திரத்த தான் பயன்படுத்துறாங்க.

அப்புறமா ஆண், பெண் ரெண்டு பேரையும் கைப்பிடி கருவிய அமுக்க வச்சு பாத்தப்ப, அவங்கவங்க பலத்துல அதே சதவீதத்துக்கு அமுக்குனாலும் இளம் பெண்களுக்கு பிபி ஏத்தம் கம்மியாவே இருந்துது, குழாய சுருக்கச் சொல்ற நரம்போட சத்தமும் கம்மியாவே இருந்துது. நரம்போட சத்தம்னு சும்மா சொல்லல, 1960கள்ல ஸ்வீடன்ல கண்டுபுடிச்ச ஒரு முறை இருக்கு, நுனி முடிய விட மெல்லிசா இருக்கற ஊசிய முட்டிக்கு கீழ ஓடற நரம்புல குத்தி அது பேசறத அப்படியே பதிவு பண்ணலாம்.

இதுக்கு ஒரு காரணம் பலம் தான். அதிக பலம் இருக்கறவன் 30 சதவீதம் அமுக்குனாலும் அது பெரிய அமுக்கு, குழாய் அதிகமா நெருங்கும், கழிவு அதிகமா சேரும். பலம் சமமா இருக்கற ஆணையும் பெண்ணையும் தேடிப் புடிச்சு ஒப்பிட்டா வித்தியாசம் நல்லாவே சுருங்கிடுது. இன்னொரு காரணம் தசையோட ரகம், மெதுவா வேலை செஞ்சு ரொம்ப நேரம் தாக்குப்புடிக்கற இழைங்க பெண்களுக்கு விகிதத்துல அதிகம். அக்கா எட்டு நடை போயும் "கை வலிக்குது"ன்னு ஒரு வார்த்தை சொல்லல, நான் நாலாவது நடையிலயே குடத்த கீழ வச்சுட்டு போன் பாக்கற மாதிரி நடிச்சேன். அன்னிக்கு அது எனக்கு அவமானமா இருந்துது, இப்ப இழை மேல பழி போட்டுக்கறேன்.

ஆனா எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இதுக்கு அப்புறம் தான் வருது, இத கொஞ்சம் பொறுமையா படிங்க.

நரம்பு குழாய சுருக்கறதுக்கு நார்அட்ரினலின்னு ஒரு சரக்க விடும். குழாய் சுவத்துல அத வாங்கிக்கறதுக்கு ரெண்டு வகை ரிசீவர் இருக்கு, ஆல்ஃபா வாங்குனா குழாய் சுருங்கும், பீட்டா வாங்குனா குழாய் விரியும். ஒரே சேதி, ரெண்டு காது, ரெண்டு எதிர் எதிர் வேலை. இளம் ஆண்கள்ல ஆல்ஃபா தான் ஜெயிக்கும், அதனால நரம்போட சத்தம் எவ்ளோ அதிகமோ குழாயோட தடுப்பும் அவ்ளோ அதிகம், ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கும். இளம் பெண்கள்ல அப்படி ஒரு உறவே இல்ல! நரம்பு கத்தினாலும் குழாய் கண்டுக்கறதில்ல. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல மைக்கேல் ஜாய்னர் குழு இத நோண்டிப் பாத்தாங்க. இளம் பெண்களுக்கு ப்ரோப்ரனலால்ங்கற மருந்த குடுத்து பீட்டாவ அடைச்சுட்டு திரும்பவும் பாத்தா, நரம்பு சத்தத்துக்கும் குழாய் தடுப்புக்கும் ஆண்கள் மாதிரியே உறவு வந்துடுச்சு. 2011ல இது வெளிவந்துது. அதாவது அதுவரைக்கும் அவங்கள காப்பாத்தினு இருந்தது அந்த பீட்டா விரிப்பு தான்.

அதே குழு மெனோபாஸ், அதாவது தூரம் நிக்கற கட்டம், தாண்டின பெண்களையும் பாத்துது. அங்க பீட்டாவ அடைக்கவே தேவைப்படல, அந்த உறவு தானாவே வந்து உக்காந்திருந்துது. ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் இருக்கற வரைக்கும் பீட்டா பக்கம் பலமா இருக்கு, குழாயோட உள் சுவரு நைட்ரிக் ஆக்சைடுங்கற விரிக்கற வாயுவ நல்லா விடுது. தூரம் நின்னு ஈஸ்ட்ரோஜன் வத்துனா ரெண்டும் கொறையும், அதே நேரத்துல வயசு ஏற ஏற நரம்போட சத்தமும் ஏறும், அதுவும் ஆண்கள விட வேகமா. சத்தம் கூடுது, தடுத்துனு இருந்தவன் போயிட்டான். ரப்பர் மாதிரி இருந்த பெரிய குழாய்ங்களும் விறைச்சிடும், அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் மேல் நம்பர் தூக்கி அடிக்கும்.

அம்மாவோட 178 இப்ப புரியுதா? எங்கம்மாவுக்கு இப்ப 58. நம்ம நாட்டுல மெனோபாஸ் சராசரியா 46, 47லயே வந்துடுது, மேல்நாட்டுல அது 51 கிட்ட. அப்படின்னா நம்மூர் பொம்பளைங்க அந்த பாதுகாப்ப நாலஞ்சு வருஷம் முன்னாடியே எழந்துடறாங்க. அதுக்காக தண்ணி தூக்கறத விட்டாங்களா, விடல.

இங்க ஒரு தப்பான முடிவுக்கு போயிடாதீங்க. ஈஸ்ட்ரோஜன் நல்லதுன்னா மாத்திரையா போட்டுக்கலாமேன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். உடம்பு தானா சொரக்கறதும் மாத்திரையா போடறதும் ஒண்ணு இல்ல, கருத்தடை மாத்திரைங்க சில பெண்களுக்கு பிபிய ஏத்தவே செய்யும், அதனால தான் அத எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர் பிபி பாக்கணும். ஃபார்மசியில நேரா கேட்டு வாங்கறவங்களுக்கு இத யாரும் சொல்றதில்ல.

இன்னொண்ணு, "இளம் பெண்களுக்கு ஏத்தம் கம்மி, அதனால அவங்க சேஃப்"னு எடுத்துக்கறதும் தப்பு. 2020ல சூசன் செங்னு ஒரு இதய டாக்டரோட குழு, சுமார் 33,000 பேரோட பிபி கணக்க நாப்பது வருஷத்துக்கு மேல சேத்து வச்சு பாத்தப்ப, பெண்களோட பிபி ஏறற வேகம் இருபதுகள்லயே ஆண்கள விட அதிகமா ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுது. தொடங்கற எடம் தாழ்வா இருக்கறதால யாரும் கவனிக்கறதில்ல, அவ்ளோதான். அடுத்த வருஷமே அதே குழு, பெண்களுக்கு இதய ஆபத்து ஏற ஆரம்பிக்கற பிபி நம்பரும் ஆண்களோடத விட தாழ்வா இருக்குன்னு காட்டுனாங்க. கர்ப்பமா இருக்கும்போது பிபி ஏறுனவங்களுக்கு பின்னாடி நிரந்தரமா பிபி வர்ற வாய்ப்பு இன்னும் அதிகம். எங்க அக்காவுக்கு ரெண்டாவது பையன் வயித்துல இருந்தப்ப ஏறுச்சு, குழந்தை பொறந்ததும் நார்மல் ஆயிடுச்சுன்னு எல்லாரும் மறந்துட்டோம், அவளும் மறந்துட்டா. அவளோட 142ஐ பாத்து நான் கை தட்டினது கொஞ்சம் அவசரம் தான்.

இப்ப நம்ம ஜிம் பசங்க பக்கம் வர்றேன். வடசென்னையில தெருவுக்கு ஒரு ஜிம், ஆணழகன் போட்டி பேனர் இல்லாத முனையே கம்மி. அங்க எல்லாரும் சொல்ற ஒரு வார்த்தை "தம் கட்டு". மூச்ச புடிச்சு, வயித்த இறுக்கி, தூக்கு. அப்ப நெஞ்சுக்குள்ள இருக்கற அழுத்தம் அப்படியே ரத்தக் குழாய் அழுத்தத்தோட சேந்துடும், அதுக்கு மேல தசை வேற குழாய நெருக்குது. 1985ல கனடாவுல மெக்டூகல்னு ஒருத்தரோட குழு, அஞ்சு பாடி பில்டருங்க கையில குழாய்க்குள்ளயே சென்சார் விட்டு, ரெண்டு காலாலயும் லெக் பிரஸ் அடிக்கும்போது அளந்தாங்க. சராசரி 320க்கு 250. ஒருத்தருக்கு 480க்கு 350. இது அச்சுப் பிழை இல்ல. ஒவ்வொரு தூக்குக்கும் சில நொடி மட்டும் இருந்துட்டு எறங்கிடும், ஆரோக்கியமான குழாய் தாங்கிக்கும், ஆனா பிபி கட்டுப்பாட்டுல இல்லாத 45 வயசு அண்ணன் ஒருத்தர் பசங்கள பாத்துட்டு தம் கட்டுனா அது வேற கதை. தூக்கும்போது மூச்ச வெளிய விடுங்கன்னு நல்ல மாஸ்டருங்க சொல்றது இதுக்குத்தான். குடத்த தரையில இருந்து இடுப்புக்கு ஏத்தற அந்த ஒரு நொடியில நம்ம அம்மாக்களும் தம் தான் கட்டறாங்க, அவங்களுக்கு அத சொல்ல எந்த மாஸ்டரும் இல்ல.

வேடிக்கை என்னன்னா, இவ்ளோ ஏத்தற இறுக்கப் பயிற்சியே, அளவா தொடர்ந்து பண்ணா, சும்மா இருக்கும்போது இருக்கற பிபிய எறக்குது. 2023ல 270 ஆய்வுகள, கிட்டத்தட்ட 15,800 பேரு, ஒண்ணா சேத்து பாத்தப்ப நடை, ஓட்டம், வெயிட் எல்லாத்தையும் விட சுவத்துல சாஞ்சு நாற்காலி இல்லாம உக்காருற மாதிரி பயிற்சிங்க தான் அதிகமா எறக்குச்சு, மேல் நம்பர் சராசரியா 8 புள்ளி. இதுக்கு ஜிம்மும் வேணாம், ஷூவும் வேணாம். ஆனா ஏற்கனவே பிபி ஏறி இருக்கறவங்க டாக்டர கேட்டுட்டு, மூச்ச புடிக்காம ஆரம்பிக்கணும்.

பயிற்சி முடிஞ்ச அப்புறம் நடக்கறதும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு இல்ல. ஓடி முடிச்சதும் பிபி வழக்கத்துக்கும் கீழ எறங்கி சில மணி நேரம் அப்படியே இருக்கும், இது நல்லது தான். ஆனா ஓடும்போது கால் தசை அமுக்கி அமுக்கி ரத்தத்த மேல அனுப்பினு இருந்துது, நீங்க சடார்னு நின்னா அந்த பம்பு நின்னுடும், குழாய்ங்க இன்னும் விரிஞ்சே இருக்கும், ரத்தம் கால்ல தங்கிடும், தலை சுத்தும். நின்ன எடத்துல மயங்கறது பெண்களுக்கு தான் அதிகம். ஏத்தத்துல அவங்களுக்கு சாதகமா இருந்த விரிப்பு எறக்கத்துல பாதகமா போகுது, நம்ம ஊர் புழுக்கத்துல தோலுக்கும் ரத்தம் போயிடறதால இன்னும் மோசம். அதோட நம்மூர்ல ரத்த சோகை இருக்கற பொண்ணுங்க எவ்ளோ பேருன்னு எல்லாருக்கும் தெரியும். பாக்ஸிங் கிளாஸ்ல பொண்ணுங்க ஸ்கிப்பிங் முடிச்சதும் வரிசையா அசையாம நிக்க வைக்கற பழக்கம் இருக்கு, அத மாத்தி அஞ்சு நிமிஷம் மெதுவா நடக்க விட்டாலே போதும்.

டிரெட்மில் டெஸ்ட்டுக்கு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமா நடக்கறது ப்ரூஸ் முறை, மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் வேகமும் சரிவும் கூடும், மொத கட்டமே 10 சதவீத ஏத்தத்துல மணிக்கு சுமார் 2.7 கிலோமீட்டர். மேல் நம்பர் 250ஐ தாண்டுனாலோ கீழ் நம்பர் 115ஐ தாண்டுனாலோ பொதுவா நிறுத்திடுவாங்க. இதவிட பயப்பட வேண்டியது, வேகம் கூடும்போது மேல் நம்பர் ஏறாம எறங்கறது, இதயத்தால தள்ள முடியலன்னு அர்த்தமா இருக்கலாம். ரிப்போர்ட்ல இசிஜி கோட்டுக்கு தான் எல்லாரும் மதிப்பு குடுக்கறாங்க, பெண்கள்ல அந்த கோடு பொய்யா மாறறது அதிகம்னு தெரிஞ்சும். பிபி எப்படி ஏறுச்சு, நிறுத்துன மூணாவது நிமிஷம் எங்க வந்துதுன்னு கேளுங்க, அது ரிப்போர்ட்லயே ஒரு ஓரமா இருக்கும்.

அம்மாவ டாக்டர் கிட்ட கூட்டினு போனேன். அவரு வீட்டு மிஷின் நம்பர பாத்து சிரிச்சுட்டு, காலையில அஞ்சு நிமிஷம் உக்காந்து, பட்டைய சரியான அளவுல போட்டு, ஒரு வாரத்துக்கு எழுதினு வாங்கன்னாரு. அம்மா கைக்கு அந்தப் பட்டை சின்னதாம், சின்னப் பட்டை போட்டா அதிகமா காட்டுமாம். பெரிய பட்டை வாங்கி பாத்ததுல சும்மா இருக்கும்போதே 146, 148ன்னு தான் வருது, ஆக மிஷினு ரிப்பேர் இல்ல. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. நடக்கலாம், நடக்கணும்னாரு, குடம் மட்டும் வேணாம்னுட்டாரு.

நடக்கறதுல ஒரு நல்ல சேதியும் இருக்கு. 2024ல நாலு லட்சத்துக்கும் மேல அமெரிக்கர்கள வச்சு வந்த ஆய்வுல, வாரத்துக்கு 300 நிமிஷம் பயிற்சி பண்ற ஆண்களுக்கு சாவு அபாயம் 18 சதவீதம் கொறையுது, பெண்களுக்கு அதே 18 சதவீதம் 140 நிமிஷத்துலயே வந்துடுது. இத படிச்சு காட்டுனதும் அம்மா "அப்ப நீ தாண்டா ரெண்டு மடங்கு நடக்கணும்"னுச்சு.

குடத்துக்கு என்ன வழின்னு மச்சான் ரெண்டு நாளா யோசிச்சு, பால்கனியில உருளை மாட்டி கயிறு போட்டு தண்ணிய மேல இழுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டாரு. கயித்த இறுக்கிப் புடிச்சுனு நிக்கறதும் ஐசோமெட்ரிக் தான்னு நான் சொன்னேன், "அப்ப நீயே இழு"ன்னுட்டாரு.